பவர் பார்த்தாச்சு... கண்ணைப் பார்த்தாச்சா?

நாற்பதைத் தாண்டிய ஒருவருக்குப் பேப்பர் படிக்கும்போது எழுத்து மங்கத் தொடங்குகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போகிறார். கம்ப்யூட்டர் மெஷினில் தாடையை வைக்கச் சொல்கிறார்கள். ஒரு சீட்டு வெளியே வருகிறது: பிளஸ் ஒன்றரை. ஃபிரேம் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, மூன்றாம் நாள் கண்ணாடியோடு வீடு திரும்புகிறார். எழுத்து பளிச்சென்று தெரிகிறது. வீட்டில் கேட்டால் ‘கண் டெஸ்ட் பண்ணியாச்சு’ என்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதே கடை, அதே மெஷின், புது பவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒருநாள், பைக் ஓட்டும்போது இடது பக்கமிருந்து வந்த சைக்கிள்காரர் இவர் கண்ணில் படவே இல்லை. பெரிய மருத்துவமனைக்குப் போனபோதுதான் தெரிகிறது, ஒரு கண்ணின் பார்வை நரம்பில் பெரும்பகுதி பட்டுப்போய்விட்டது என்று. போனது போனதுதான்.

எந்தக் கண் மருத்துவரைக் கேட்டாலும் இப்படி ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். பெயரும் ஊரும் தொழிலும்தான் மாறும். இதில் மனதை வருத்துவது என்னவென்றால், இந்த மனிதர் கண்ணை அலட்சியப்படுத்தியவர் இல்லை. ஒழுங்காகப் போனார், காசு செலவு செய்தார், சொன்ன கண்ணாடியைப் போட்டார். பவர் பார்ப்பதும் கண்ணைப் பார்ப்பதும் ஒன்று என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான். நம்மில் பெரும்பாலானோர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வித்தியாசம் புரிய, முதலில் கண்ணுக்குள்ளே போய்வர வேண்டும்.

வெளிச்சம் போகும் வழி

வளர்ந்த மனிதரின் கண் முன்பின்னாக அளந்தால் சுமார் 24 மில்லிமீட்டர். அதன் முன்வாசலில், நாம் கருவிழி என்று சொல்லும் இடத்தை மூடிக்கொண்டு, தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அதுதான் கார்னியா. நடுவில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தால் வெளிச்சத்தை மறைக்கும். எனவே தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ரத்தக் குழாய் இல்லையே தவிர, நரம்பு முனைகள் உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அங்கே நெருக்கமாக இருக்கின்றன. கண்ணில் ஒரு துரும்பு விழுந்தாலே துடித்துப்போவது இதனால்தான். உள்ளே வரும் வெளிச்சத்தை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இந்த மெல்லிய படலத்துடையது.

அதற்குப் பின்னால் தெளிந்த நீர் நிரம்பிய ஓர் அறை. அதையடுத்து, நிறத்தைத் தரும் ஐரிஸ் என்ற வட்டத் திரை. திரையின் நடுவில் இருக்கும் துவாரம்தான் பாப்பா. வெயிலில் 2 மில்லிமீட்டராகச் சுருங்கும், இருட்டில் 8 வரை விரியும். பாப்பாவுக்குப் பின்னால் லென்ஸ். தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகவும், பக்கத்தில் பார்க்கும்போது உருண்டையாகவும் தன்னை மாற்றிக்கொள்வது அதன் வேலை. வயது ஏற ஏற லென்ஸ் இறுகி, அப்படி மாறும் தன்மையை இழக்கிறது. நாற்பதில் வரும் வெள்ளெழுத்து இதுதான். பெரியவர்கள் சாளேசுரம் என்பார்கள். அது நோயல்ல, வாழ்கிற எல்லோருக்கும் வரும்.

லென்ஸுக்குப் பின்னால் கண் முழுவதையும் நிரப்பியிருப்பது ஜெல்லியான ஒரு திரவம். அதையும் கடந்துபோனால் கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை. பார்வை என்று நாம் சொல்வது தொடங்கும் இடம் அது. மங்கலான வெளிச்சத்துக்கென்று சுமார் 12 கோடி செல்கள், நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் சுமார் 60 லட்சம் செல்கள். நிறம் காணும் செல்கள் மிக நெருக்கமாகக் கூடியிருக்கும் மையப்புள்ளி மாக்குலா. இந்த வரியை நீங்கள் படிப்பது அந்தச் சிறு வட்டத்தைக் கொண்டுதான். கண்ணில் பதிந்ததை மூளைக்குக் கொண்டுபோவது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட பார்வை நரம்பு. தோல் கிழிந்தால் ஆறும். எலும்பு முறிந்தால் கூடும். இந்த நரம்பு இழைகள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

இப்போது கண்ணாடிக் கடை மெஷினுக்கு வருவோம். கார்னியாவும் லென்ஸும் வெளிச்சத்தைச் சரியாக விழித்திரைமேல் குவிக்கின்றனவா என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. முன்னாலேயே குவிந்தால் கிட்டப்பார்வை, மைனஸ். பின்னால் தள்ளிக் குவிந்தால் தூரப்பார்வை, பிளஸ். ஒரே புள்ளியில் குவியாமல் சிதறினால் சிலிண்டர். அந்தச் சீட்டில் இருப்பது இவ்வளவுதான். விழித்திரையில் ரத்தக் கசிவு இருக்கிறதா, நரம்பு பட்டுப்போகிறதா, கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று எதுவும் அதில் இராது. மெஷின்மேல் குற்றமில்லை. அதன் வேலை அதுவல்ல.

உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எந்த மருத்துவரும் தெளிவாகப் பார்த்ததில்லை. 1851-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆஃப்தல்மோஸ்கோப் என்ற கருவியை அறிவித்தார். விழித்திரையையும் நரம்பின் தலைப்பகுதியையும் நேராகக் காண முடிந்தது. சுவரில் மாட்டும் எழுத்து அட்டையை நெதர்லாந்தின் ஸ்னெல்லன் வடிவமைத்தது 1862-ல்தான். ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கடைசிக்கு முந்தைய வரிசைகளில் ஒன்றைப் படித்துவிட்டால் 6/6. மேலே இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் தெரிந்தால் 6/60. அதாவது மற்றவர் 60 மீட்டரில் காண்பதை இவர் 6 மீட்டரில்தான் காண்கிறார். 1911-ல் ஸ்வீடனின் குல்ஸ்ட்ராண்ட் ஸ்லிட் லேம்ப் கருவியைக் கொண்டுவந்தார். கண்ணின் ஒளியியல் ஆய்வுகளுக்காக அதே ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். கண்ணைப் ‘பார்ப்பது’ என்றால் இந்தக் கருவிகளின் வழியே உள்ளே பார்ப்பதுதான்.

சொட்டு மருந்து வரிசை

எந்தக் கண் மருத்துவமனைக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். நீளமான பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் கண்ணை மூடி, தலையைச் சற்று அண்ணாந்து உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டர் ஒருவர் வரிசையாக வந்து கீழ் இமையை விரலால் இழுத்து ஒரு சொட்டு விட்டுப் போவார். சுரீரென்று எரியும். சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஒரு சொட்டு. பாப்பா முழுதாக விரிய அரை மணி நேரமாவது ஆகும். இந்தக் காத்திருப்புக்குப் பயந்தே பலர் பெரிய டெஸ்ட்டைத் தள்ளிப்போடுகிறார்கள். ‘சும்மா பவர் மட்டும் பாருங்க, வேலைக்குப் போகணும்’ என்பது அங்கே அன்றாடம் கேட்கும் பேச்சு.

அந்த அரை மணி நேரம்தான் கண்ணைப் பார்ப்பதன் விலை. 2 மில்லிமீட்டர் துவாரத்தின் வழியே விழித்திரையின் ஓரங்களைக் காண முடியாது. பாப்பா விரிந்த பிறகு ஸ்லிட் லேம்ப் முன்னால் உட்கார வைத்து, தாடையைத் தாங்கியில் பொருத்தி, நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொல்கிறார்கள். மெல்லிய கோடாக வரும் வெளிச்சம் கார்னியாவை, லென்ஸை, ஜெல்லியை ஒவ்வொன்றாக வெட்டிக் காட்டுகிறது. மருத்துவர் கண்ணருகே ஒரு லென்ஸைப் பிடித்து, ‘மேலே பாருங்க, காது பக்கம் பாருங்க, மூக்கு பக்கம் பாருங்க’ என்று சொல்லிக்கொண்டே விழித்திரையை ஒரு சுற்று சுற்றி வருகிறார். மனித உடம்பில் ரத்தக் குழாய்களையும் நரம்பையும் கத்தி வைக்காமல் கண்ணாரக் காண முடிகிற ஒரே இடம் இதுதான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உடம்புக்குள் செய்துகொண்டிருக்கும் சேதத்தின் தடம் அங்கே தெரிந்துவிடும்.

அங்கே யார் யார்?

அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோரும் ‘கண் டாக்டர்’தான். யார் என்ன செய்ய முடியும் என்று தெரியாததால்தான் பலர் தப்பான வாசலில் நின்றுவிடுகிறார்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் எம்.எஸ்., டி.என்.பி. அல்லது டிப்ளமோ படித்தவர் கண் மருத்துவர். நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, அறுவை சிகிச்சை செய்வது இவர் பொறுப்பு. இவர்களுக்குள்ளேயே விழித்திரைக்கு ஒருவர், கார்னியாவுக்கு ஒருவர், பார்வை நரம்பைப் பாதிக்கும் குளுக்கோமாவுக்கு ஒருவர், குழந்தைகள் கண்ணுக்கும் மாறுகண்ணுக்கும் ஒருவர், இமைக்கும் கண்ணீர்ப் பைக்கும் ஒருவர் என்று மேற்படிப்புப் படித்தவர்கள் உண்டு.

ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் நான்கு ஆண்டு பட்டப்படிப்பு படித்தவர். அதில் கடைசி ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. பவர் பார்ப்பது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, கண் அழுத்தம் அளப்பது, பார்வைக் குறைபாட்டை மதிப்பிடுவது, சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்புவது வரை செய்வார். சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் கல்லூரி 1985-லேயே இந்தப் படிப்பைத் தொடங்கியது. நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் ஊரில் இருப்பது பெரிய பாதுகாப்பு என்பது என் கருத்து. நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இவர் கையில்தான் அகப்படும். 2021-ல் வந்த துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் உள்ளடக்கியது. நெடுநாள் கழித்துக் கிடைத்த அங்கீகாரம் அது.

ஆப்டிஷியன் என்பவர் கண்ணாடிக் கடைக்காரர். எழுதிக் கொடுத்த பவருக்கு லென்ஸை வெட்டி, இரு பாப்பாக்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து, ஃபிரேமில் பொருத்தித் தருபவர். இதுவும் தேர்ச்சி வேண்டிய தொழில். லென்ஸின் மையம் சற்று விலகினாலும் தலைவலி வரும். ஆனால் நோயைப் பார்ப்பது அவர் வேலையல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர்கள் இருக்கிறார்கள். கிராமத்துப் பெரியவர்களின் புரையையும் (கண்ணின் லென்ஸ் மங்கிப்போவது) பள்ளிப் பிள்ளைகளின் கிட்டப்பார்வையையும் முதலில் கண்டுபிடிப்பவர்கள். இவர்களைத் தவிர, மாறுகண்ணுக்குப் பயிற்சி தரும் ஆர்த்தாப்டிஸ்ட், கண் வங்கி டெக்னீஷியன், கண்ணை இழந்தவருக்கு மற்ற கண்ணின் நிறம் பார்த்து அக்ரிலிக்கில் செயற்கைக் கண் வரைந்து தரும் கலைஞர் என்று வெளியே தெரியாத பலர் இந்தத் துறையைத் தாங்குகிறார்கள்.

மதுரை காட்டிய வழி

இந்தத் தொழில்களுக்கெல்லாம் எங்கே எவ்வளவு இடம் என்பதை உலகுக்குச் செய்து காட்டியது மதுரை. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-ல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிக்கொண்டன. மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டு, கண் மருத்துவம் படித்து, அந்தக் கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது 58 வயது. அந்த ஆண்டே மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடன் நின்றார்கள்.

அங்கே நடந்த உண்மையான மாற்றம் வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்தார்கள். பார்வை அளப்பது, அழுத்தம் பார்ப்பது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, அறுவை அரங்கில் துணை நிற்பது எல்லாம் அவர்கள் கையில். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்தார். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயார். கட்டணம் கொடுப்பவர் தரும் பணத்தில் கொடுக்க முடியாதவருக்கும் அதே மருத்துவரின் கை கிடைத்தது. 1992-ல் ஆரோலேப் தொடங்கி, புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள். வெளிநாட்டு லென்ஸ் 100 டாலருக்கு மேல் விற்ற காலத்தில் சுமார் 10 டாலருக்குக் கொடுத்தார்கள்.

அந்த லென்ஸின் கதையும் அருமையானது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி நொறுங்கி, பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் புகுந்தன. அந்தச் சில்லுகளைக் கண் வெறுத்து ஒதுக்கவில்லை என்று கவனித்தவர் லண்டன் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி. 1949 நவம்பர் 29 அன்று, புரையை எடுத்த ஒரு கண்ணுக்குள் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை வைத்தார். சக மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். அதற்கு முன்பு புரை எடுத்தவர்கள் காலமெல்லாம் சோடாப்புட்டிக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. நம் தாத்தா பாட்டிகள் பலரை அப்படித்தான் பார்த்தோம்.

இன்று புரை அறுவைக்குக் கார்னியாவின் ஓரத்தில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு வெட்டு. லென்ஸைச் சுற்றியிருக்கும் மெல்லிய பையின் முன்பக்கத்தில் சுமார் 5 மில்லிமீட்டருக்கு வட்டமாகக் கிழிக்கிறார்கள். அந்த வட்டம் ஓரத்துக்கு ஓடிவிடாமல் காப்பதில்தான் மருத்துவரின் கைத்திறன் இருக்கிறது. அதிர்வு ஊசி புரையை உடைத்து உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அங்கிருந்த கருவியைப் பார்த்து யோசித்து 1967-ல் கொண்டுவந்த முறை இது. காலியான பைக்குள் மடித்த லென்ஸைச் செலுத்தினால் அது தானாக விரிந்து உட்காருகிறது. தையல் கிடையாது. பெரும்பாலும் கால் மணி நேர வேலை.

‘புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்பது பழைய காலத்துப் பேச்சு. இன்று அது தவறு. முற்றிய புரை கல்லாக இறுகி அறுவையைக் கடினமாக்கும். சில நேரம் வீங்கி அழுத்தத்தை ஏற்றி, கண்ணையே பலி வாங்கும். அன்றாட வேலைக்குத் தடையாக இருக்கிறதா, எடுத்துவிட வேண்டும். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குப் புரைதான் காரணம். இத்தனை எளிதாகத் திரும்பப் பெறக்கூடிய பார்வையை இழந்து இத்தனை பேர் இருட்டில் உட்கார்ந்திருப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை.

வலிக்காமல் போவது

புரை போக்கிய பார்வை திரும்பும். குளுக்கோமா போக்கியது திரும்பாது. கண்ணுக்குள் அந்தத் தெளிந்த நீர் இடைவிடாமல் ஊறி, கருவிழி ஓரத்தில் இருக்கும் சல்லடை வழியே வடிந்துகொண்டிருக்கும். குழாயைத் திறந்துவிட்டு வடிகால் அடைத்துக்கொண்ட தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கண் விரிய முடியாது, அழுத்தம் ஏறும். அது பார்வை நரம்பை நசுக்கும். இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். ஆனால் அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு பட்டுப்போகிறவர்கள் உண்டு. எனவே அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது, நரம்பையும் பார்க்க வேண்டும்.

முதலில் போவது ஓரப்பார்வை. நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும்; அட்டையில் 6/6 வாசித்துவிடுவார்கள். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஒரு கண் இழந்ததை மறு கண் மறைத்துவிடும். மதுரையிலும் சென்னையிலும் நடந்த ஆய்வுகளில், குளுக்கோமா இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் 10-க்கு 9 பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது குளுக்கோமா இருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாமே இருப்பதைக் காப்பாற்றத்தான். இந்த நோய்க்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று; 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்த எலியட் உருவாக்கிய குளுக்கோமா அறுவை முறை உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

குளுக்கோமாவில் இன்னொரு வகை திடீரென்று தாக்கும். கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். ஒற்றைத் தலைவலி என்றோ பித்தம் என்றோ மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால், ஓரிரு நாளில் பார்வை போய்விடும். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோய் அடுத்தது. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசியும், பிறகு அடைபடும், பிறகு ஒழுங்கற்ற புதுக் குழாய்கள் முளைத்து ஜெல்லிக்குள் ரத்தம் கொட்டும். சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 18 சதவீதத்தினருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. கசிவு மாக்குலாவைத் தொடும் வரை பார்வை நன்றாகவே இருக்கும் என்பதுதான் ஆபத்து. முன்கூட்டியே கண்டுபிடித்தால் லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பார்வையைக் காக்கும். கண்ணுக்குள் ஊசியா என்று பயப்படுபவர்கள் அதிகம். மரத்துப்போகும் மருந்து விட்ட பிறகுதான் போடுகிறார்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும்.

இவ்விரண்டோடு, நாமே வரவழைத்துக்கொள்ளும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கண் அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. விட்டதும் அரிப்பும் சிவப்பும் மாயமாகும். ‘நல்ல மருந்து’ என்று மாதக்கணக்கில் தொடர்வார்கள். அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்குப் பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கி விடுகிறார்கள். அதே மருந்து கண் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் கொண்டுவரும். பத்து வயதுப் பிள்ளை இதனால் பார்வை இழப்பது கொடுமை. சீட்டில்லாமல் இதைக் கொடுக்கும் கடைக்காரர்களும் யோசிக்க வேண்டும்.

பூ விழுந்த கண்

அறுவடைக் காலத்தில் நெல் உமியோ கரும்புத் தோகையோ கண்ணில் கீறும். கீறலில் மண்ணிலும் பயிரிலும் இருக்கும் பூஞ்சை குடியேறினால் கார்னியாவில் புண். 1990-களில் மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வு, ஆண்டுக்கு லட்சத்தில் 113 பேருக்குக் கார்னியாப் புண் வருவதாகக் கண்டது. வயலில் வேலை செய்பவரின் கண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அந்த எண் சொல்கிறது. உடனே வந்தால் நேட்டமைசின் சொட்டு மருந்தால் காப்பாற்றிவிடலாம். ஆனால் தாய்ப்பால் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது, நாக்கால் தூசு எடுப்பது என்று நாள் கடக்கிறது. ஸ்டீராய்டு சொட்டும் சேர்ந்துகொண்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அதைத்தான் ஊரில் பூ விழுந்துவிட்டது என்கிறோம்.

சுண்ணாம்பு இன்னும் மோசம். வெற்றிலைக்கான சுண்ணாம்பு டியூபைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது கண்ணில் பீய்ச்சி அடித்துவிடுகிறது. காரம் திசுவை உருக்கிக்கொண்டே உள்ளே போகும். அந்த நேரத்தில் ஆட்டோ தேடக் கூடாது. அங்கேயே குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மருத்துவமனை அதற்குப் பிறகு.

தழும்பு நிரந்தரமானால் கார்னியா மாற்று அறுவைதான் வழி. எட்வர்ட் சிர்ம் 1905-ல் முதன்முதலாக வெற்றி கண்ட சிகிச்சை. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் எழும்பூரில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா தொடங்கியது. இந்தச் சிகிச்சையில் இறந்தவரின் முழுக் கண்ணையும் பொருத்துவதில்லை; கார்னியா மட்டுமே பயன்படும். ஒருவர் தந்தால் இருவருக்குப் பார்வை. கண்ணாடி போட்டவர், புரை எடுத்தவர், சர்க்கரை உள்ளவர் யாரும் தரலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையணையில் தலையை உயர்த்தி, மின்விசிறியை நிறுத்தி வையுங்கள். கால் மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள், முகம் விகாரமாகாது. உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்தாலும், அந்த நேரத்தில் போன் செய்ய வேண்டியவர்கள் வீட்டார்தான். எனவே இதை இன்றைக்கே வீட்டில் பேசி வையுங்கள்.

பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள்

பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்கு உலகம் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம். ஒரு கண்ணில் பவர் அதிகம் இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். அதுவே சோம்பேறிக் கண். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடிவைக்கும் பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் மீட்கலாம். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். குறைமாதத்தில் அல்லது 2 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். செல்போன் போட்டோவில் குழந்தையின் ஒரு பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்; விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். கிட்டப்பார்வை ஏறாமலிருக்கப் பிள்ளைகள் தினமும் வெளியே வெயில் வெளிச்சத்தில் விளையாட வேண்டும். முருங்கைக் கீரை, பப்பாளி, மாம்பழம் தட்டில் இருந்தால் சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணைத் தவிர்க்கலாம்.

மெட்ராஸ் ஐ பற்றி ஒரு வார்த்தை. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளாது. பெரும்பாலும் வைரஸ், கையும் துண்டும் தலையணையும்தான் பரப்புகின்றன. கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு, தொற்றைத் தடுக்க அல்ல.

நாற்பது வயதானால், கண்ணாடி தேவையோ இல்லையோ, ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள். சர்க்கரை இருந்தால் கண்டுபிடித்த அன்றிலிருந்தே வருடம் ஒருமுறை. குடும்பத்தில் குளுக்கோமா இருந்தால் தவறாமல். போகும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கண் அழுத்தம் எவ்வளவு, நரம்பு எப்படி இருக்கிறது, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தீர்களா? பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அன்று வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். சில மணி நேரம் கண் கூசும், பக்கத்தில் இருப்பது மங்கும். வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். அவருக்கும் நாற்பது தாண்டியிருந்தால், அவர் பெயருக்கும் ஒரு சீட்டு போடுங்கள்.